சமுதாயக்கூடத் திறப்பு விழா: கவனிக்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம். டெல்டா கிராமங்களில் புதுச் சமுதாயக்கூடம் திறக்க மாசி, பங்குனி மாதங்கள்தான் வசதி. ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் மழை. சம்பா அறுப்பு நடக்கும் தையில் வைத்தால் பாதி ஊர் களத்திலும் கொள்முதல் நிலையத்திலும் நிற்கும்.

நாள் குறிக்கும் முன் கொத்தனாரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பூச்சு வேலை முடிந்ததும் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டு, நான்கு வாரம் ஆறவிட்டுத்தான் பெயின்ட் அடிக்கணும். ஈரச்சுவரில் அடித்த பெயின்ட் கொப்புளித்து உரியும். வேதாரண்யம் போன்ற கடைமடைப் பகுதியில் உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் சுவரில் வெள்ளையாய்ப் பூத்துக்கொண்டே இருக்கும். உள்ளே கம்பியும் துருப்பிடிக்கும். இதை எந்தத் தோரணமும் மறைக்காது.

விழா நாளன்று கூட்டம் நெரியும். அதனால் தீயைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். ஆகவே கூடத்தின் வாசலை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை வேண்டவே வேண்டாம். கோட்டை அடுப்பும் கேஸ் சிலிண்டரும் கூடத்துக்கு வெளியே, காற்று வாகு பார்த்துத் தள்ளி இருக்கட்டும். சீரியல் பல்பு வயரை வெறும் டேப் சுற்றி ஒட்டுப்போட்டு, துணி மேல் ஓடவிடாதீர்கள். ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து உள்ளே வைக்கக்கூடாது. அதன் புகை ஆளைக் கொல்லும். பின்கதவு, பக்கக்கதவு எல்லாம் பூட்டில்லாமல் இருக்க வேண்டும். நாற்காலி வரிசைக்கு நடுவே ஐந்தடி வழி விடுங்கள். வாழைமரத்தைக் கதவின் அகலத்துக்குள் கட்டாமல் வெளித்தூணில் கட்டுங்கள்.

சின்ன விஷயங்கள் சில. கல்வெட்டைச் செதுக்கும் முன் பெயர்களையும் வரிசையையும் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் காட்டிவிடுங்கள். கல்லில் விழுந்த பிழையைத் திருத்த வழியில்லை. திரைக்கயிற்றை முந்தின நாள் பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். முடிச்சு வளையத்தில் சிக்கினால் திரை விலகாது. குத்துவிளக்குத் திரியை முன்கூட்டியே நல்லெண்ணெயில் ஊறவையுங்கள். அதற்கு நேர் மேலே உள்ள மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வெறும் சிமெண்டுச் சுவருள்ள கூடத்தில் பேச்சு எதிரொலிக்கும். ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஒன்றை ஒன்று பார்க்கும்படி வைக்காமல், மேடைப் பக்கமிருந்து கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி, சத்தத்தைக் குறையுங்கள். மைக் பெட்டிக்கு முன்னால் வந்தால் கீச்சிடும்.

இனி சாப்பாடு. 500 பேருக்கு, கிலோவுக்கு ஒன்பது பேர் கணக்கில் 56 கிலோ அரிசி, சாம்பாருக்கு 15 கிலோ துவரம்பருப்பு. இலை 550 வாங்குங்கள், கிழிசல் போகும். பந்திக்கு 100 பேர், அரைமணி நேரம் என்றால் ஐந்து பந்திக்கு இரண்டரை மணி. பதினொன்றரைக்கு முதல் பந்தி உட்கார்ந்தால்தான் கடைசிப் பந்தி இரண்டு மணிக்குள் முடியும். தண்ணீரில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். சமையல், கைகழுவல், பாத்திரம், கழிப்பறை எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பத்து லிட்டர் என்றால் 5,000 லிட்டர். மாடித் தொட்டி 2,000 லிட்டர்தான் என்றால் இரண்டு தடவை மறுபடி ஏற்ற வேண்டும். அந்த நேரம் கரண்ட் போனால் குழாய் வறண்டுவிடும். ஒரு டேங்கர் தயாராக நிற்கட்டும். கைகழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு வாரம் முன்பே குடம் குடமாய் ஊற்றிப் பாருங்கள். நம் களிமண் பூமி தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சாது, வாசலிலேயே சேறாகிவிடும். எச்சில் இலையைப் பாசன வாய்க்காலில் தள்ளாமல் குழி வெட்டிப் போடுங்கள். மதகில் அடைத்தால் அடுத்த முறைத் தண்ணீர் வயலுக்கு வராது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். முதல் பந்தியில் எல்லாத் தெருக்காரர்களும் கலந்து உட்காரட்டும். கொத்தனாரும் சித்தாளும் அந்தப் பந்தியில்தான் இருக்க வேண்டும். பொதுப்பணத்தில் எழும்பிய கூடத்தில் யாரும் தயங்கி வெளியே நிற்கக்கூடாது.

விழா முடிந்ததும் சாவி யாரிடம் என்பதை அன்றைக்கே முடிவு செய்யுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்ததே, அப்படிப்பட்ட இரவுகளில் குடிசைவாசிகளுக்கு இந்தக் கூடம்தான் புகலிடம். ஒரு சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருந்தால், இன்னொன்று கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். நன்றி, வணக்கம்.