உருவமா, உறவா? உறவே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

உயிர்களை வகைப்படுத்த எதைப் பார்ப்பது, உருவத்தையா, உறவையா என்பது கேள்வி. "நீந்தினால் மீன், பறந்தால் பறவை, இதற்கு எதற்கு ஆராய்ச்சி?" என்று எதிரணி அக்கா கேட்டார், கைதட்டலும் வாங்கிவிட்டார். அக்கா, ஒரு நடை பாக் நீரிணைப் பக்கம் போய் வருவோம்.

அங்கே கடற்புல் மேய்கிற ஒரு பிராணி உண்டு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். நாம் கடல்பசு என்று படித்தோம். புல் மேய்கிறது, கன்றுக்குப் பால் கொடுக்கிறது, பரம சாது. பசு என்று பெயர் வைத்தாயிற்று. சரி, மடி எங்கே? பசுவுக்குப் பின்னங்கால்களுக்கு நடுவில். ஆவுளியாவுக்கோ முன்துடுப்பின் அக்குளில்! யானைக்கும் முன்னங்கால்களுக்கு நடுவில்தான். நமக்கும் மார்பில்தானே என்பீர்கள். உண்மைதான், இது ஒன்றே சாட்சியாகாது. வாயைப் பாருங்கள். ஆண் ஆவுளியாவுக்குத் தந்தம் உண்டு. யானையைப் போலவே மேல்தாடை வெட்டுப்பல் வளர்ந்து ஆனது. மரபணுவும் அதையே சொல்கிறது: இது யானைக்குப் பங்காளி.

அப்புறம் பசுவுக்குக் கடலில் சொந்தமே இல்லையா? இருக்கிறது. அதோ துள்ளுகிறதே ஓங்கில், நாம் டால்பின் என்கிறோமே, அதுதான்! மீன் வாலைப் பக்கவாட்டில் வீசும். ஓங்கில் மேலும் கீழும் அடிக்கும், நாலுகால் பாய்ச்சலில் மிருகத்தின் முதுகு வளைகிற மாதிரி. உயிர்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758லேயே திமிங்கிலத்தையும் ஓங்கிலையும் மீன் கூட்டத்திலிருந்து எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்துவிட்டார். ஆனால் பாலூட்டிகளில் யாருக்கு நெருக்கம்?

ஆட்டின் பின்னங்கால் கணு மூட்டில் ஒரு சின்ன எலும்பு இருக்கும். மேலும் கீழும் கிணற்றுக் கப்பி போலப் பள்ளம் விழுந்திருக்கும். ஆடு, மாடு, பன்றி, மான், நீர்யானை என்று இரட்டைக் குளம்புக் குடும்பத்துக்கே உள்ள முத்திரை அது. 2001ல், பாகிஸ்தானில் கிடைத்த, ஓங்கிலுக்கும் சொந்தமான பழைய திமிங்கில இனங்களின் புதைபடிவங்களைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவற்றில் சில ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுப் பழமை. அப்போது அவற்றுக்குக் கால்கள் இருந்தன. கணுவில் அதே இரட்டைக் கப்பி!

"நீங்களும் எலும்பைத்தானே பார்க்கிறீர்கள், அதுவும் உருவம்தானே?" என்று முணுமுணுப்பது கேட்கிறது. நல்ல கேள்வி. நாங்கள் பார்ப்பது உடம்போடு பிறந்த அங்க மச்சத்தை. நீங்கள் பார்ப்பது சட்டையை. தண்ணீரில் வாழ்கிற எவரும் துடுப்புச் சட்டை தைத்துக்கொள்ளலாம்.

தொல்காப்பியரை வேறு துணைக்கு அழைத்தார்கள். அவர் புல்லுக்கு ஓரறிவு, மனிதருக்கு ஆறறிவு என்று அறிவை எண்ணி வரிசைப்படுத்தினார். உருவத்தை அளந்தா பிரித்தார்? அவரை எங்கள் அணி என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கும் விட்டுத்தர மாட்டேன்.

மணி அடிக்கப் போகிறார்கள். அக்காவுக்கு ஒரே கேள்வி: முதலையை எங்கே வைப்பீர்கள், பல்லியோடா, கோழியோடா? பல்லியோடு என்றால், முதலையின் இதயத்தில் கோழியைப் போலவே நான்கு அறைகள் இருக்கின்றன, பல்லிக்கு மூன்றுதான். அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.