542 எப்படி பி625 ஆச்சு? சீன ஃப்ரிகேட்டுகளோட கதை

[திரையில்: கடல்ல போற ஒரு சாம்பல் நிறக் கப்பல். முன்பக்கத்துல 'பி625'.]

வணக்கம். இந்தக் கப்பல் இலங்கைக் கடற்படையோடது. பேரு பராக்கிரமபாகு. 12-ஆம் நூற்றாண்டுல பொலன்னறுவையில ஆண்ட ராஜா பேரு அது. மதுரையில பாண்டியங்க வாரிசுச் சண்டை போட்டுக்கிட்டப்போ கடல் தாண்டிப் படை அனுப்பினாரே, அவரேதான்.

ஆனா கப்பல் பொறந்தப்போ வேற பேரு. 1994-ல சீனக் கடற்படையில சேர்ந்தப்போ இது 'தோங்லிங்', எண் 542. தோங்லிங்னா செம்புக்குப் பேர் போன ஒரு சீன ஊரு. 25 வருஷம் அங்க ஓடிச்சு. 2019 ஜூன்ல ஷாங்காய்ல வெச்சு இலங்கைக்கிட்ட ஒப்படைச்சாங்க. காசு வாங்கல, இனாம். ஆகஸ்ட் மாசம் கொழும்புல புதுப் பேரு, புது எண்ணோட கடற்படையில சேர்ந்துடுச்சு.

நீளம் 112 மீட்டர், எடை 2,300 டன். அவ்வளவு பெரிய போர்க்கப்பலை ஒரு நாடு ஏன் சும்மா தூக்கிக் குடுக்குது? அதுக்குப் பதில் தெரியணும்னா, சீனா ஃப்ரிகேட் கட்டக் கத்துக்கிட்ட கதையிலருந்து வரணும்.

[திரையில்: மூணு கப்பல் பக்கத்துல பக்கத்துல. சின்னது கார்வெட், நடுவுல ஃப்ரிகேட், பெருசு டெஸ்ட்ராயர்.]

ஃப்ரிகேட்னா என்னன்னு முதல்ல பார்த்துடலாம். டெஸ்ட்ராயருக்கு ஒரு படி கீழ, கார்வெட்டுக்கு ஒரு படி மேல. சரக்குக் கப்பலுக்குக் காவலாப் போகும், நீர்மூழ்கியைத் தேடும், கொஞ்சம் வான் பாதுகாப்பும் குடுக்கும். எல்லா வேலைக்கும் ஓடுற ஆளு. டெஸ்ட்ராயர் வாங்க வசதி இல்லாத கடற்படைக்கு இதுதான் பட்டத்து யானை. அதனாலதான் ஃப்ரிகேட்டுக்கு எப்பவும் சந்தை இருக்கு.

1950கள்ல சோவியத் யூனியன் நாலு கப்பலுக்கான பாகங்களைப் பெட்டி பெட்டியா அனுப்புச்சு. சீனா அதைக் கோத்துச்சு, அவ்வளவுதான். 1960-ல ரெண்டு நாட்டுக்கும் முட்டிக்கிச்சு. சோவியத் நிபுணர்கள் மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அதுக்கப்புறம் தட்டுத்தடுமாறி அவங்களே வரைஞ்சு கட்டினதுதான் டைப் 053 குடும்பம். நேட்டோ வெச்ச பேரு ஜியாங்ஹு. பெரும்பாலும் ஷாங்காய்ல இருக்கிற ஹுடோங் கப்பல் தளத்துல கட்டினது.

பீரங்கி இருந்துச்சு. கப்பலை அடிக்கிற ஏவுகணை இருந்துச்சு, அதுவும் சோவியத் ஸ்டிக்ஸ் ஏவுகணையோட நகல். வானத்துலருந்து வர்ற விமானத்தை அடிக்க? பெரும்பாலான கப்பல்கள்ல துப்பாக்கி மட்டும்தான்.

[திரையில்: தென் சீனக் கடல் வரைபடம். ஒரு சின்னப் புள்ளி.]

1988 மார்ச் 14. சீனா, வியட்நாம் ரெண்டும் எனக்குன்னு சொல்ற ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டத்துல ஜான்சன் தெற்குத் திட்டு. முழங்கால் அளவு தண்ணியில கொடியோட நின்னுக்கிட்டிருந்த வியட்நாம் வீரர்கள் மேலயும், பக்கத்துல நின்ன சரக்குக் கப்பல்கள் மேலயும் சீன ஃப்ரிகேட்டுகள் சுட்டுச்சு. வியட்நாம் தரப்புல 64 பேர் செத்தாங்க. அன்னைக்கு அங்க மூணு சீன ஃப்ரிகேட் இருந்துச்சு. அதுல ஒண்ணு 'ஷியாங்டான்', எண் 556. அடுத்த வருஷமே அந்தக் கப்பலை வங்கதேசத்துக்குக் குடுத்துட்டாங்க. 'உஸ்மான்'னு பேர் மாத்தி, ஒரு முப்பது வருஷத்துக்கு வங்காள விரிகுடாவுல ஓடிக்கிட்டிருந்துச்சு. எதிரியே இல்லாத நேரத்துல அந்தக் கப்பலோட மேல்தளத்துல நின்னு டீ குடிச்ச வங்கதேச மாலுமிகள்ல எத்தனை பேருக்கு அந்த மார்ச் 14 ஞாபகத்துல இருந்திருக்கும்?

எகிப்தும் 1980கள்ல ரெண்டு ஜியாங்ஹு வாங்குச்சு. அதை விடுங்க. உண்மையிலேயே சீனாவுக்குப் பாடம் எடுத்த வாடிக்கையாளர் தாய்லாந்து.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்"னு சொல்வாங்கல்ல? வீடு கட்டினவங்களைக் கேளுங்க. சுவர் மடமடன்னு எழும்பிடும். உயிரை எடுக்கிறது வயரிங்கும் பிளம்பிங்கும்தான். கப்பலும் அப்படியேதான். இரும்புத் தகட்டை வளைச்சு ஒட்டுறது ஒரு வித்தை. அதுக்குள்ள எஞ்சின், ரேடார், தண்ணிக்கடியில ஒலியை வெச்சுத் தேடுற சோனார், ஏவுகணை, இது எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கிறது வேற வித்தை.

1988-ல தாய்லாந்து நாலு ஃப்ரிகேட் ஆர்டர் குடுத்துச்சு. சாவ் ப்ரயா வகை. ஒரு கப்பல் கிட்டத்தட்ட 200 கோடி பாட், அதாவது தாய்லாந்துப் பணத்துல. அதே அளவு மேற்கத்தியக் கப்பல்னா 800 கோடி ஆகும்னு அப்போ கணக்கு சொன்னாங்க. நாலுல ஒரு பங்கு விலை! 1991, 92-ல கப்பல்கள் வந்து சேர்ந்துச்சு. தாய்லாந்துக் கடற்படைக்காரங்க உள்ள போய்ப் பார்த்தா, வயரெல்லாம் வெளியில தொங்குது. தீயணைப்பு ஏற்பாடு அரைகுறை. அடியில ஓட்டை விழுந்தா தண்ணி அடுத்தடுத்த அறைக்குப் பரவாமத் தடுக்கிற ஏற்பாடும் பலவீனம். எஞ்சின் மட்டும் நல்லா இருந்துச்சு, ஏன்னா அது ஜெர்மன் எம்டியூ டீசல். மிச்சத்தைச் சரிபண்ண அவங்க கைக்காசும் நேரமும் நிறைய போச்சு.

[திரையில்: கப்பல் ஓவியம். மேலோடு சிவப்பு நிறம், உள்பாகங்கள் நீல நிறம்.]

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இவ்வளவு பட்டதுக்கு அப்புறமும் தாய்லாந்து சீனாவை விடல. அடுத்து ரெண்டு பெரிய கப்பல் கட்டச் சொன்னாங்க, நரேசுவன் வகை. இந்தத் தடவை கொஞ்சம் உஷாரா. மேலோடு மட்டும் சீனாவுது. உள்ள அமெரிக்காவோட எல்எம்2500 கேஸ் டர்பைன், ஜெர்மன் டீசல், அமெரிக்க 5 இஞ்ச் பீரங்கி, ஹார்பூன் ஏவுகணை. சுவர் கட்ட ஒரு கொத்தனார், வயரிங்குக்கு வேற ஆளு! 1994, 95-ல வந்த அந்த ரெண்டு கப்பல்லயும் பின்னாடி ஸ்வீடனோட சாப் நிறுவனத்தை வெச்சு மின்னணுவியல் எல்லாத்தையும் மாத்தினாங்க.

சீனக் கப்பல் ஏற்றுமதியை எடை போட நான் வெச்சிருக்கிற அளவுகோல் இதுதான்: அந்த நீல நிறம் யாரோடது?

சீனாவுக்கே அந்த நீலம் பிரச்சினையாத்தான் இருந்துச்சு. 1989-ல பெய்ஜிங்ல மாணவர் போராட்டத்தை ராணுவத்தை வெச்சு அடக்கின தியானன்மென் சம்பவத்துக்கு அப்புறம் மேற்கு நாடுகள் ஆயுதத் தடை போட்டாங்க. எல்எம்2500 மாதிரி டர்பைன் கிடைக்கிற கதவு சாத்திக்கிச்சு. ஆனா பிரான்ஸோட பீல்ஸ்டிக் டீசல், சரக்குக் கப்பலுக்கும் ஆகும் போர்க்கப்பலுக்கும் ஆகும். அதை உரிமம் வாங்கிச் சீனாவுலயே செஞ்சாங்க. 053-க்கு அடுத்து வந்த டைப் 054 ஃப்ரிகேட்ல நாலு டீசல் மட்டும்தான், டர்பைனே கிடையாது. வேகம் 27 நாட் (மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர்) அளவுலதான் நிக்கும், 30-ஐத் தொடாது. கையில இருந்ததை வெச்சுக் கட்டின கப்பல். ஆனா டீசலுக்குத் தீனி கம்மி, பராமரிப்பும் சுலபம். சின்னக் கடற்படைகளுக்கு இது எவ்வளவு பெரிய வசதின்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

முதல் 054-ல ரெண்டே கப்பல்தான் கட்டினாங்க. அதுல பிரான்ஸோட க்ரோட்டால் ஏவுகணையைப் பார்த்துச் செஞ்ச எச்க்யூ-7, விமானத்தை அடிக்கிற ஏவுகணை. பெட்டியில எட்டு ஏவுகணை, சுட்டு முடிச்சா மறுபடி நிரப்பணும். அடுத்து வந்த 054ஏ-லதான் ஆட்டம் மாறுச்சு. பீரங்கிக்கும் கப்பலை ஓட்டுற அறைக்கும் நடுவுல, தளத்தோட தளமா 32 மூடிகள். ஒவ்வொரு மூடிக்குக் கீழயும் நேரா நிக்கிற ஒரு ஏவுகணை. எந்தத் திசையிலருந்து விமானம் வந்தாலும் லாஞ்சரைத் திருப்ப வேண்டியதில்ல. மூடி திறக்கும், மேல கிளம்பும், காத்துல போய்த் திரும்பிக்கும். எச்க்யூ-16-னு பேர் வெச்ச அந்த ஏவுகணையோட மூலம் ரஷ்யாவோட பூக் ஏவுகணை. முதல் 054ஏ 'ஷூஜோ', எண் 530, 2008 ஜனவரியில சேர்ந்துச்சு. சுமார் 4,000 டன். அதுக்கப்புறம் ஷாங்காய்லயும் குவாங்ஜோவுலயும் முப்பதுக்கும் மேல கட்டித் தள்ளிட்டாங்க.

ஒரே கப்பலைத் திரும்பத் திரும்பக் கட்டினா விலை இறங்கும், தப்பு குறையும். தொங்குற வயரும் மறையும். 2008 கடைசியில ஏடன் வளைகுடாவுல கடற்கொள்ளையரை விரட்டச் சீனக் கப்பல்கள் கிளம்புச்சு; 2009-லருந்து 054ஏ-க்களும் அங்க மாத்தி மாத்திப் போக ஆரம்பிச்சுச்சு. வாங்க யோசிக்கிறவங்களுக்கு அதைவிட நல்ல ஷோரூம் கிடைக்குமா?

[திரையில்: கராச்சித் துறைமுகம்.]

வாங்கினது பாகிஸ்தான். முதல்ல 2005-ல எஃப்-22பி, நாலு கப்பல். இது பழைய 053 குடும்பத்தோட வாரிசு. மூணு ஷாங்காய்ல, நாலாவது 'அஸ்லத்' கராச்சியிலயே கட்டினது. கட்டுற வித்தையையும் சேர்த்துத் தர்றேன்னு சொல்றதுதான் சீனாவோட பெரிய தூண்டில்.

அந்த அஸ்லத்தைப் பத்தி ஒரு விஷயம். 2015 ஏமன் போர். ஏடன்லருந்து சீனாவோட 'லின்யீ' ஃப்ரிகேட் பத்து நாட்டைச் சேர்ந்த 225 பேரை ஏத்திக்கிட்டுப் போச்சு. இந்தியாவோட ஐஎன்எஸ் சுமித்ராவும் அதே ஏடன்லருந்து ஆட்களை மீட்டுச்சு. முக்கலா துறைமுகத்துக்குப் போன அஸ்லத், பாகிஸ்தானியர்களோட 11 இந்தியர்களையும் ஏத்திக் கராச்சிக்குக் கொண்டுவந்துச்சு. சீன வடிவமைப்பு, கராச்சியில கட்டினது, உள்ள இந்தியர்கள்.

அதுக்கப்புறம் பாகிஸ்தான் நேரா 054ஏ-க்கே போயிடுச்சு. 2017, 2018-ல ரெண்டு ரெண்டா நாலு கப்பலுக்கு ஒப்பந்தம். முதல் கப்பல் 'துக்ரில்' 2021 நவம்பர்ல, கடைசி ரெண்டு 2023-ல. இதுல ரேடார், ஏவுகணை எல்லாமே சீனாவுது. நீல நிறமும் சிவப்பாயிடுச்சு.

எல்லாரும் அப்படி வாங்கல. அல்ஜீரியா 2015, 16-ல வாங்கின மூணு சி28ஏ கப்பல்ல ரேடார் ஐரோப்பாவுது, எஞ்சின் ஜெர்மனி. பணம் உள்ளவன் கலந்து வாங்குவான். அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. தாய்லாந்து 2017-ல சீன நீர்மூழ்கிக்கு ஒப்பந்தம் போட்டுச்சு. அதுக்கு எம்டியூ எஞ்சின் தர ஜெர்மனி மறுத்துடுச்சு, காரணம் அதே பழைய ஆயுதத் தடை. வேலை வருஷக்கணக்குல இழுத்துச்சு.

பணம் இல்லாதவங்க? அவங்களுக்குத்தான் பழைய கப்பல். மியான்மருக்கு 2012-ல ரெண்டு 053. வங்கதேசத்துக்கு 2014 வாக்குல ரெண்டு, அப்புறம் இன்னும் ரெண்டு. இலங்கைக்கு ஒண்ணு. பழைய இரும்பா உடைச்சா கிடைக்கிற காசைவிட, இதுல சீனாவுக்கு வரவு அதிகம். உதிரி பாகம் அங்கருந்துதான் வரணும். மாலுமிகள் பயிற்சிக்கு அங்கதான் போகணும். பெரிய ரிப்பேர்னாலும் அவங்க கையைத்தான் பார்க்கணும். இனாமா வந்த மாட்டுக்குத் தீவனம் மட்டும் ஒரே கடையில வாங்கணும்னா எப்படி இருக்கும்? அப்படித்தான். அதுக்காக இலங்கை ஏமாந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன். அந்த நீளத்துல ஒரு கப்பல் காசு குடுக்காமக் கிடைச்சது அவங்களுக்கும் லாபம்தான்.

[திரையில்: சிங்டாவ் துறைமுகம்.]

2025 ஜனவரியில சிங்டாவ்ல 'லுவோஹே', எண் 545 சேர்ந்துச்சு. டைப் 054பி, சுமார் 5,000 டன், அடுத்த தலைமுறை. அதே சிங்டாவ்ல இருக்கிற கடற்படை அருங்காட்சியகத்துல 'யிங்டான்' நிக்குது. 1988-ல ஜான்சன் திட்டுல ஷியாங்டான் கூட நின்ன ஃப்ரிகேட். குழந்தைங்க அதுல ஏறி போட்டோ எடுத்துக்குறாங்க.

புதுசு வந்தா பழசு இறங்கும். தோங்லிங்கை 25 வருஷத்துல இறக்கினாங்க. முதல் 054ஏ, அந்த 530, சேர்ந்தது 2008-ல. 25-ஐக் கூட்டினா 2033. 32 மூடி வெச்ச அந்தக் கப்பலைக் கேட்டு இந்தியப் பெருங்கடல் கரையிலருந்து யார் யார் வரிசையில நிப்பாங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. என் பட்டியல்ல முதல் பேரு வங்கதேசம்.