ஹேண்டில்பாரின் கழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாகச் சைக்கிள் வாங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கியர் எத்தனை என்று. அடுத்தது டயர். மூன்று மாதம் கழித்து, கழுத்து பிடித்துக்கொள்கிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது என்று திரும்பி வருவார்கள். அப்போதுதான் ஹேண்டில்பாருக்கும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்னத் துண்டைக் காட்டுவேன். அதற்குப் பெயர் ஸ்டெம். "இதை மாற்ற முடியுமா?" என்று ஆச்சரியப்படுவார்கள்.

ஆச்சரியப்படுவதில் தப்பில்லை. நம் அப்பாக்கள் ஓட்டிய கம்பி பிரேக் சைக்கிளில் ஸ்டெம் தனிச் சாமானாகவே இருக்காது. கைப்பிடியும் அதைத் தாங்கும் தண்டும் பற்றவைத்த ஒரே துண்டு. கொஞ்சம் ஏற்றலாம், இறக்கலாம், அவ்வளவுதான். கைப்பிடி எட்டவில்லையே என்றால் அதற்கு மருந்து கிடையாது.

இன்று நீங்கள் கடைக்குப் போனால் இரண்டு வகை ஸ்டெம்மைப் பார்க்கலாம். ஒன்று குவில். அந்தச் சொல்லுக்கு இறகின் அடித்தண்டு என்று பொருள். மைக்கூட்டில் இறகுப் பேனாவை இறக்கிவைத்ததுபோல, ஃபோர்க்கின் குழாய்க்குள் இந்தத் தண்டு இறங்கி நிற்கும். பெரும்பாலான சாதாரண சைக்கிள்களில் அதன் தடிமன் 22.2 மில்லிமீட்டர். நடுவே ஒரு நீளமான போல்ட், அடியில் சாய்வாக வெட்டிய ஆப்பு. போல்ட்டை முறுக்க முறுக்க ஆப்பு மேலே ஏறி, குழாயின் உட்சுவரை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும்.

மற்றது திரெட்லெஸ், அதாவது மரை வெட்டாத ஃபோர்க்குக்கானது. இதில் ஃபோர்க்கின் குழாயே ஃபிரேமைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டெம் அதை வெளியிலிருந்து கவ்வும். பக்கவாட்டில் இரண்டு போல்ட், தலையில் ஒரு மூடி.

இந்த இரண்டாவது வகைக்கு ஜான் ரேடர் என்ற அமெரிக்கர் 1992இல் காப்புரிமை பெற்றார். டியா காம்ப் நிறுவனம் அதை ஏஹெட்செட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஃபோர்க் திரும்புவதற்கான பேரிங் தொகுதிக்கு ஹெட்செட் என்று பெயர். பழைய மரை ஹெட்செட், கல்லிலும் மேட்டிலும் குதித்துக் குதித்து லூசாகிவிடும். முறுக்க 32, 36 மில்லிமீட்டர் என்று பெரிய ஸ்பேனர்கள் வேண்டும். அதை யார் பையில் சுமப்பார்கள்? புதிய வகைக்கு நம் மெக்கானிக்குகள் எல்.என். கீ என்று சொல்லும் சின்ன ஆலன் கீ போதும்.

ஆனால் இது இவ்வளவு சீக்கிரம் பரவியதற்கு, ஓட்டுகிறவரைவிடத் தயாரிக்கிறவருக்கு இருந்த லாபம்தான் முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். மரை ஃபோர்க் என்றால் ஒவ்வொரு ஃபிரேம் அளவுக்கும் தனித்தனி நீளத்தில் குழாய் வெட்டி மரை போடவேண்டும். மரை இல்லையென்றால் எல்லாம் ஒரே நீளம். ஃபிரேமுக்கு ஏற்றபடி கடைசியில் அறுத்துக்கொள்ளலாம். கிட்டங்கியில் எவ்வளவு மிச்சம், யோசித்துப் பாருங்கள்.

அந்த அறுவையில்தான் சிக்கல். குவில் ஸ்டெம்மில் ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் கைப்பிடி ஏறும், இறங்கும். திரெட்லெஸ்ஸில், குழாயை அறுத்த அன்றைக்கே உங்கள் உயரம் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஸ்டெம்முக்கு அடியில் இருக்கும் ஸ்பேசர் வளையங்களை மேலே கீழே மாற்றிக்கொள்ளலாம். குழாய் எவ்வளவு மிச்சமோ அந்த அளவுக்குத்தான் அதுவும். ஆகவே கடைக்காரர், "நீட்டிக்கிட்டு அசிங்கமா இருக்கு சார், அறுத்துடலாமா?" என்று கேட்டால், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு அறுக்கலாம். அறுத்ததை ஒட்டவைக்க முடியாது.

சரி, குவில் ஸ்டெம்மை ஏற்றுவது எப்படி? இங்கேதான் பலரும் ஆப்பைப் பிடுங்கிய குரங்காக மாட்டிக்கொள்கிறார்கள். போல்ட்டை முழுக்கக் கழற்றிவிட்டு ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்பார்கள். அசையாது. ஏனென்றால் போல்ட் தளர்ந்தாலும் ஆப்பு உள்ளே இறுகியேதான் இருக்கும். நான்கைந்து சுற்று மட்டும் தளர்த்துங்கள். போல்ட்டின் தலை கொஞ்சம் மேலே எழும்பும். அதன்மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும், போல்ட் கீழே இறங்கும். அதுதான் ஆப்பு விழுந்த சத்தம். இனி ஸ்டெம் கையோடு வரும்.

வராவிட்டால் துரு. கடலோர ஊர்களில் இது சகஜம். இரும்புக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு, நடுவே உப்புக் காற்றின் ஈரம். சில வருடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்கவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கிரீஸ் தடவி இறக்கினால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, தண்டில் ஒரு கோடு கீறியிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக்கூடாது. மீறி ஏற்றினால் பிடிமானம் போதாமல் தண்டு பிடுங்கிக்கொள்ளலாம், முறியவும் செய்யலாம்.

திரெட்லெஸ்ஸில் வேறு மாதிரி ஏமாறலாம். எனக்கே நடந்தது. ஒரு கடையில் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். வேலை பார்த்த பையன் தலையில் இருக்கும் மூடியை நன்றாக முறுக்கிவிட்டான், பக்கவாட்டு போல்ட் இரண்டையும் மறந்துவிட்டான். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கித் திருப்பினேன். ஹேண்டில்பார் இடது பக்கம் போனது, சக்கரம் நேராகவே போனது. நான் பக்கத்து மண்ணில் கிடந்தேன். பின்னால் வண்டி எதுவும் வராதது என் அதிர்ஷ்டம்.

அந்த மூடி ஸ்டெம்மைப் பிடிப்பதில்லை. பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் அழுத்திவைப்பது மட்டும்தான் அதன் வேலை. முதலில் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, மூடியை மெதுவாக முறுக்கவேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தடதடப்பு நின்று, கைப்பிடியும் லேசாகத் திரும்பினால் போதும். சக்கரத்துக்கு நேராக ஸ்டெம்மை வைத்து, கடைசியாகப் பக்கவாட்டு போல்ட்டுகளை முறுக்கவேண்டும். எவ்வளவு முறுக்கலாம் என்று பெரும்பாலும் ஸ்டெம்மிலேயே அச்சடித்திருப்பார்கள். வழக்கமாக 5 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும்.

அப்படியானால் எதை வாங்குவது? வீட்டில் ஒரே சைக்கிளை அப்பாவும் மகளும் மாற்றி மாற்றி ஓட்டுகிறீர்களா? என் ஓட்டு குவிலுக்கு. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளும் இந்த வகைதான். பிள்ளைகளின் உயரம் ஒன்றல்ல, அந்த வயதில் வளர்ந்துகொண்டேயும் இருப்பார்கள். அந்த ஒரு போல்ட் இருப்பதைப் பிள்ளையிடம் யாராவது காட்டிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

கரடுமுரடான பாதை, நீண்ட தூரம், நீங்கள் ஒருவர் மட்டும் ஓட்டுவது என்றால் திரெட்லெஸ். அசைவு குறைவு. கைப்பிடியை மாற்றுவதும் சுலபம்: முன்னால் இருக்கும் தகட்டைப் பெட்டி மூடிபோலத் திறந்து எடுத்துவிடலாம். பழைய குவிலில் பிடி, பிரேக் எல்லாம் கழற்றி, வளையலைக் கழற்றுவதுபோல ஹேண்டில்பாரை ஒரு பக்கமாக உருவவேண்டும். அரை நாள் போய்விடும்.

இருக்கும் திரெட்லெஸ்ஸில் கைப்பிடி தாழ்வாக இருந்தால், உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். சாலை சைக்கிளில் 100 மில்லிமீட்டர் நீளமும் 6 டிகிரி சாய்வும் உள்ள ஸ்டெம் கீழ்நோக்கி இருந்தால், திருப்பிப் போட்டதும் கைப்பிடி சுமார் 2 சென்டிமீட்டர் உயரும். காசு செலவில்லை. 2 சென்டிமீட்டர்தானே என்று நினைப்பீர்கள். 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து சொல்லுங்கள்.

பழைய ஃபிரேம்மீது பாசம் இருக்கிறது, புது ஸ்டெம்மும் வேண்டும் என்கிறவர்களுக்கு அடாப்டர் கிடைக்கிறது. கீழே 22.2 மில்லிமீட்டர் தண்டாகக் குழாய்க்குள் இறங்கும், மேலே 28.6 மில்லிமீட்டர் தடிமனில் புது ஸ்டெம்முக்கு இடம் கொடுக்கும். பழைய அழகே வேண்டும் என்றால், ஜப்பானின் நிட்டோ நிறுவனம் உயரமான குவில் ஸ்டெம்களைச் செய்கிறது. விலையைக் கேட்டால் கொஞ்சம் தலை சுற்றும்.

என் சைக்கிளில் இன்றும் ஃபோர்க் குழாயை அறுக்கவில்லை. ஸ்டெம்முக்கு மேலே மூன்று ஸ்பேசர்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கூட ஓட்டுகிற நண்பர்கள் கொக்குக் கழுத்து என்று கிண்டல் செய்கிறார்கள். சென்ற மழைக்காலத்தில் முதுகு பிடித்துக்கொண்டபோது, அதில் இரண்டைக் கழற்றி ஸ்டெம்முக்கு அடியில் போட்டேன். பத்து நிமிட வேலை.

வணக்கம்.