சண்டைக்கு நடுவில் 20 நிமிடம்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கணவன் மனைவி சண்டையில் நாடித் துடிப்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியல் அறிஞர், தம்பதிகளை உட்காரவைத்து அவர்களுக்குள் தீராமல் கிடக்கும் ஒரு விஷயத்தைப் பேசச் சொன்னார். பேசப் பேச, இதயத் துடிப்பு பதிவாகிக்கொண்டே இருக்கும். ஓர் ஆய்வில் 15 நிமிடம் ஆனதும், "கருவியைச் சரிசெய்ய வேண்டும், அதுவரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்" என்று சொல்லி அரை மணி நேரம் பத்திரிகை படிக்க வைத்தார்கள். மறுபடி பேச உட்கார்ந்தபோது துடிப்பு நன்றாக இறங்கியிருந்தது. அதே விஷயம், அதே இரண்டு பேர், பேச்சு தணிந்திருந்தது.

துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும்போது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ரத்தத்தில் ஏறியிருக்கும். ஏதோ ஆபத்து வந்துவிட்டதாக உடம்பு எடுத்துக்கொள்கிறது. அப்போது காதில் விழுவது மனதில் ஏறாது. சமாதானமாகச் சொன்ன வார்த்தைகூடக் குத்தலாகப் படும். இது அடங்கக் குறைந்தது 20 நிமிடம் பிடிக்கும். ஐந்தே நிமிடத்தில் "சரி, இப்ப சொல்லு" என்று உட்கார்ந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே மூண்டுவிடும்.

மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம், அதற்கே துடிப்பு உண்டு. 15 விநாடிக்கு 25 எண்ணினால், நிமிடத்துக்கு 100. பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நிறுத்தும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். விருட்டென்று பைக்கை எடுத்துக்கொண்டு சில்வர் பீச்சுக்குப் போய்விட்டால், வீட்டில் இருப்பவருக்கு அது உதறிவிட்டுப் போனதாகத்தான் தெரியும். வாயைத் திறந்து சொல்ல வேண்டும்: "இப்ப பேசினா ஏதாவது தப்பா சொல்லிடுவேன். எட்டரைக்கு வந்துடுறேன், உட்கார்ந்து பேசலாம்." காரணமும் இருக்கிறது, திரும்பும் நேரமும் இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு வந்தே ஆகவேண்டும். ஒரு முறை ஏமாற்றினால் அடுத்த முறை கிளம்பவே விடமாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு.

அந்த 20 நிமிடத்தில் மொட்டை மாடியில் நடக்கலாம். புதுவையில் இருப்பவர்களுக்கு மாலையில் வண்டி ஓடாத கடற்கரைச் சாலையே இருக்கிறது. ஒற்றை அறை வீடு என்றால் கீரை ஆயலாம், ஊறும் துணியை அலசலாம். "அவர் அப்படிச் சொன்னாரே, நான் இப்படிக் கேட்டிருக்கணும்" என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது மட்டும் கூடாது. துடிப்பு இறங்கவே இறங்காது. அம்மாவுக்கு போன் போட்டுக் கொட்டித் தீர்ப்பதும் அதே கதைதான்.

திரும்பி வந்த பிறகு முதல் 3 நிமிடம் முக்கியம். புதிதாக மணமான 124 தம்பதிகளை வைத்துச் செய்து 1999-இல் வெளிவந்த ஆய்வில், தொடக்க 3 நிமிடப் பேச்சே பின்னாளில் யார் பிரிவார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்தது. "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்பது ஆளையே அடிக்கிறது. "கரண்ட் பில்லுக்கு நேத்துதான் கடைசி நாள். கட்டலைன்னதும் எனக்குப் படபடன்னு ஆயிடுச்சுங்க. இன்னிக்கு முதல் வேலையா கட்டிடுங்க" என்று சொன்னால் நடந்தது, மனநிலை, வேண்டியது மூன்றும் வந்துவிடுகின்றன. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய், பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பியவரிடம் வாசலிலேயே இதை எடுக்காதீர்கள். முதலில் சாப்பிடட்டும்.

அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

மற்ற வீடுகளில், பேச உட்காரும் முன் இருவரும் மறுபடி நாடியை எண்ணிப் பாருங்கள். இன்னும் 25-க்கு மேல் இருந்தால், இன்னொரு 20 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.