முட்டி ஜவ்வு: களம் இறங்குமுன் 20 நிமிடம்

காவிரிக் கரை நேயர்களுக்கு வணக்கம்.

சம்பா அறுப்பு முடிந்த கையோடு நம் பக்கத்து ஊர்களில் கபடிக்குக் களம் போட்டுவிடுவார்கள். "முட்டியில ஜவ்வு கிழிஞ்சுபோச்சு" என்ற பேச்சும் அந்தப் பருவத்தில்தான் அதிகம் காதில் விழும். எவனோ காலைப் பிடித்துக் கவிழ்த்திருப்பான் என்று நினைத்துக்கொள்கிறோம். எல்லா விளையாட்டையும் சேர்த்துப் பார்த்தால், ஏ.சி.எல். எனப்படும் முன்ஜவ்வு கிழிவதில் ஏறக்குறைய 10-க்கு 7, யாரும் முட்டியைத் தொடாமலே நடப்பவை. பிடியும் மோதலும் உள்ள கபடியில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனாலும் தாவி ஒற்றைக்காலில் இறங்கும்போதும், ஓடிய வேகத்தில் சட்டென்று திரும்பும்போதும் தானாகக் கிழிவது இங்கேயும் உண்டு. வாலிபாலில் ஸ்மாஷ் அடித்துவிட்டு இறங்குவதும் இதே கதைதான்.

இந்த ஜவ்வு முட்டிக்குள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சாய்வாகக் கட்டியிருக்கும் கயிறு. கீழ் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. கால் ஏறக்குறைய நேராக நிற்க, முட்டி உள்பக்கம் சாய, பாதம் தரையில் பதிந்திருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் கயிறு அறுகிறது. பாதம் தரையைத் தொட்ட 20-ல் ஒரு பங்கு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். யோசித்துக் காலைச் சரிசெய்ய நேரமில்லை. அதனால் சரியாக இறங்குவதை உடம்புக்கு முன்கூட்டியே பழக்க வேண்டும்.

ஒரு சின்ன சோதனை. ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் உயரமுள்ள படியில் ஆட்டக்காரரை நிறுத்துங்கள். குதித்து இறங்கிய உடனே மேலே எம்பச் சொல்லுங்கள். நேர் எதிரே உட்கார்ந்து செல்போனில் ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள். தரையைத் தொடும் நேரத்தில் இரண்டு முட்டியும் ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்கின்றனவா? 'தொப்'பென்று சத்தம் கேட்கிறதா? அப்படியானால் அவருக்கு வேலை இருக்கிறது. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளிடம் இந்தச் சாய்வு கூடுதலாகத் தெரியும். கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் பையன்களைவிட அவர்களுக்கு ஏ.சி.எல். கிழிய இரண்டு மடங்குக்கும் மேல் வாய்ப்பு. பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் பி.டி. ஆசிரியர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

திருத்துவது எப்படி? முன்பாதம் முதலில், குதிகால் பிறகு. முட்டி மடிய வேண்டும். இடுப்பு நாற்காலியில் உட்காரப்போவதுபோல் பின்னால் போக வேண்டும். முட்டி, கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் நேரே நிற்க வேண்டும். இத்தனையையும் சொன்னால் பிள்ளைகள் குழம்புவார்கள். "பூனை மாதிரி சத்தமில்லாம இறங்கு" என்று சொல்லிப் பாருங்கள், பாதி தானாகச் சரியாகிவிடும். முதலில் இரண்டு காலில். அது சுத்தமாக வந்த பிறகே ஒற்றைக்காலில்.

இதோடு தொடையின் பின்தசைக்கு ஒரு பயிற்சி. முன்தொடைத் தசை கீழ் எலும்பை முன்னால் இழுக்கும். பின்தசைதான் அதைப் பின்னால் பிடித்து, ஜவ்வின் பாரத்தைக் குறைக்கும். மண்டியிட்டு நில்லுங்கள். கூட்டாளி கணுக்கால் இரண்டையும் அழுத்திப் பிடிக்கட்டும். முட்டியிலிருந்து தலைவரை ஒரே பலகைபோல் வைத்து மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்க முடியாதபோது கையை ஊன்றிக்கொள்ளலாம். இடுப்பை மடக்கினால் பலனில்லை. முதலில் 3 முதல் 5 தடவை, பழகிய பிறகு 7 முதல் 10. முதல் வாரம் தொடை வலிக்கும், பயப்பட வேண்டாம். ஒற்றைக்காலில் 30 நொடி நிற்பது, காலுக்கு இரண்டு முறை. திரும்பும்போது ஒரே மிதியில் திரும்பாமல், மூன்று நான்கு சிற்றடி வைத்துத் திரும்பும் ஓட்டமும் சேர்த்தால் மொத்தம் 20 நிமிடம்.

கால்பந்துக்கென்று வந்த 'ஃபிஃபா 11 பிளஸ்' என்ற பயிற்சித் தொகுப்பும் இந்த வகைதான். இப்படிப்பட்ட பயிற்சிகளை விடாமல் செய்த அணிகளில் ஏ.சி.எல். கிழிவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. விடாமல் என்பதுதான் விஷயம். வாரம் இரண்டு மூன்று நாள் வேண்டும். பந்தயத்துக்கு முந்தின வாரம் ஆரம்பித்தால் தொடை வலிதான் மிச்சம். பந்தய நாளன்று ஓட்டப் பகுதி மட்டும் போதும்.

நம் ஊர்ப் பந்தயங்களில் இன்னொரு சிக்கல். ராத்திரி எட்டு மணிக்கு உடம்பைச் சூடேற்றிவிட்டு, பனியில் வரப்பில் உட்கார்ந்திருந்து, ஒரு மணிக்குக் களம் இறங்குவார்கள். அதற்குள் உடம்பு ஆறிப்போயிருக்கும். மறுபடி 5 நிமிடமாவது ஓடுங்கள். களமும் முக்கியம். நம் களிமண் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பில் விரல் மாட்டினால் பாதம் பதிந்துவிடும். கொத்திக் கட்டி உடைத்து, மணலும் மரத்தூளும் கலந்து சமன்செய்ய வேண்டும். முட்டியில் மாட்டும் 'நீ கேப்' உறை போட்டால் ஜவ்வு தப்பும் என்பது வெறும் நம்பிக்கை.

அப்படியும் 'டக்'கென்று சத்தம் கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால், உள்ளே ரத்தம் கசிகிறது என்று வையுங்கள். உருவுவது, எண்ணெய் போட்டு நீவுவது, சூடான பத்துப் போடுவது எதுவும் கூடாது. ஐஸைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். மீன்கடை ஐஸ்கூடப் போதும். கால் ஊன்றாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. மருத்துவர் கையால் சோதித்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எழுதுவார்.

ஆளை ஏமாற்றுவது இதற்கு அடுத்த கட்டம்தான். சில வாரத்தில் வீக்கம் வடியும், நேராக நடக்கலாம், சைக்கிள்கூட மிதிக்கலாம். ஆறிவிட்டது என்று களம் இறங்குவார். திரும்பும்போது முட்டி நழுவும். ஒவ்வொரு நழுவலிலும் உள்ளேயிருக்கும் குஷன் கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோகும்.

ஆபரேஷன் ஆனவர்கள் குறைந்தது 9 மாதம் பொறுக்க வேண்டும். ஒற்றைக்காலில் தாவும் தூரம், நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதத்துக்காவது வர வேண்டும். மாசியில் ஆபரேஷன் என்றால் கார்த்திகைக்கு முன் ஊர்ப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.