‘நீங்கள் நீங்களாகவே இருங்கள்’ என்றால் எப்படி இருப்பது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நிமிடத்தில் ஏதோ ஒரு விடை சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவுக்குத் தலைமைப் பொறுப்பேற்று எட்டு மாதங்கள் ஆன ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சுருக்கிப் படிக்கிறேன். “எல்லாரையும் கலந்து பேசி முடிவெடுத்தால், எனக்குத் துணிவில்லை என்கிறார்கள். நானே முடிவெடுத்து அறிவித்தால், பதவி வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்கிறார்கள். மனம் நொந்து பேசும்போது என் கண் கலங்கிவிடுகிறது. குரலையும் தோரணையையும் மாற்றிக்கொள்ள ஒரு பயிற்சிக்குப் போகும்படி மேலதிகாரி சொல்கிறார். தோழிகளோ, ‘நீ நீயாகவே இரு’ என்கிறார்கள். நான் நானாக இருப்பது என்றால் என்ன? அந்தப் பயிற்சிக்கு நான் போகலாமா?”

சகோதரி, உங்கள் கடிதத்தில் இருக்கும் முதல் இரண்டு வாக்கியங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எப்படி நடந்தாலும் குற்றம் என்ற அந்த இக்கட்டு உங்கள் குணத்தில் பிறந்தது அன்று. அது உங்களுக்கு முன்பே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவில் ஆன் ஹாப்கின்ஸ் என்ற பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்கியல் நிறுவனத்தில் வேலை செய்தவர். 1982-இல் அந்த நிறுவனத்தில் பங்குதாரர் நிலைக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். அப்போதிருந்த 662 பங்குதாரர்களில் பெண்கள் ஏழு பேர் மட்டுமே. ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர் மதிப்புள்ள ஓர் அரசு ஒப்பந்தத்தை நிறுவனத்துக்குப் பெற்றுத் தந்ததில் அவருடைய உழைப்பு முக்கியமானது என்பதை எவரும் மறுக்கவில்லை. இருந்தும் அவருடைய பெயர் நிறுத்திவைக்கப்பட்டது. அவர் ஆணைப்போல நடந்துகொள்கிறார் என்று ஒருவர் எழுதினார். நயமாகப் பழகக் கற்றுத்தரும் வகுப்புக்கு அவர் போக வேண்டும் என்று இன்னொருவர் எழுதினார். இன்னும் பெண்மையோடு நடக்க வேண்டும், பெண்மையோடு பேச வேண்டும், ஒப்பனை செய்துகொள்ள வேண்டும், நகை அணிய வேண்டும் என்பது அவருக்கு நேரிலேயே சொல்லப்பட்ட அறிவுரை.

அவர் வழக்குத் தொடுத்தார். 1989-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் கூறியவற்றில் ஒரு கருத்து உங்கள் கடிதத்துக்கே எழுதிய பதிலைப்போல இருக்கிறது. முனைப்போடு செயல்படுவதை வேலையே கோருகிறது. அதே முனைப்பைப் பெண்ணிடம் கண்டால் நிறுவனம் குறை சொல்கிறது. அப்படியானால் முனைந்தாலும் வேலை போகும், முனையாவிட்டாலும் வேலை போகும் என்ற நிலையில் அவளைத் தள்ளுவதைச் சட்டம் அனுமதிக்காது என்பதே அந்தக் கருத்து. பின்னர் நீதிமன்ற ஆணையின்படி ஹாப்கின்ஸ் பங்குதாரராகவே அந்த நிறுவனத்துக்குத் திரும்பினார். அவருக்குச் சொன்ன வகுப்புக்கும் உங்களுக்குச் சொல்லும் பயிற்சிக்கும் உள்ள ஒற்றுமையை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இது ஏன் நடக்கிறது என்பதை அலிஸ் ஈக்லி, ஸ்டீவன் கராவ் என்ற இரு உளவியலாளர்கள் 2002-இல் தெளிவாக எழுதினார்கள். தலைவர் என்றதும் மனத்தில் எழும் படம் ஒன்று. பெண் என்றதும் எழும் படம் வேறொன்று. இரண்டும் பொருந்தாதபோது பெண்ணுக்கு இரண்டு விதத்தில் இழப்பு நேர்கிறது. பொறுப்புக்கு முன்னால் ‘இவரால் முடியுமா’ என்ற ஐயம் எழுகிறது. பொறுப்பேற்றுத் தலைவராகவே நடந்துகொண்ட பின்னால் ‘ஒரு பெண் இப்படியா நடப்பது’ என்ற கசப்பு எழுகிறது. ஈக்லி 2005-இல் இன்னொன்றும் சொன்னார், எனக்கு அதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது. தன் விழுமியங்களை ஒரு தலைவர் வெளிப்படையாகச் சொன்னால் மட்டும் போதாது. குழுவுக்காக அவற்றைச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்று பின்பற்றுவோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே, ‘நீ நீயாகவே இரு’ என்று உங்கள் தோழிகள் அன்போடு சொன்னது பாதி அறிவுரைதான். மறுபாதி உங்களைச் சுற்றி இருப்பவர்கள் கையில் இருக்கிறது. அது கிடைக்காத நாளில் உங்களையே நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம்.

இனி, நான் நானாக இருப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். நடையையும் பேச்சையும் ‘நான்’ என்று எண்ணிக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது என்பது என் கருத்து. குரல், உடை, கூட்டத்தில் எழுந்து நிற்கும் விதம் ஆகிய எல்லாம் நாம் கற்றுக்கொண்டவை, இன்னும் கற்றுக்கொள்ளக்கூடியவை. மாற்றக் கூடாதது, முடிவு எங்கிருந்து பிறக்கிறது என்பது. எது சரி என்று நீங்கள் நம்புகிறீர்கள், எதைப் பார்த்துப் பார்த்து உங்கள் கண் பழகியிருக்கிறது, எதை எவர் சொன்னாலும் செய்ய மாட்டீர்கள் என்பவற்றிலிருந்து முடிவு வருமானால், அதை எந்தக் குரலில் சொன்னாலும் அது உங்களுடையதே. 1975-இல் பிரிட்டனில் எதிர்க்கட்சித் தலைவரான மார்கரெட் தாட்சரின் குரல் கீச்சென்று ஒலிக்கிறது என்று பலர் குறை கூறினார்கள். கார்டன் ரீஸ் என்ற ஆலோசகரின் துணையோடு அவர் குரல் பயிற்சி எடுத்து, சுருதியைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய அரசியலை ஏற்பவரும் உண்டு, கடுமையாக எதிர்ப்பவரும் உண்டு. ஆனால் குரல் தாழ்ந்ததால் அவருடைய கொள்கை வேறொருவருடையதாகிவிட்டது என்று எதிர்த்தவர்கள்கூடச் சொல்லவில்லை. அந்தச் சுமையை அவர் மேல் ஏற்றியது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். நியாயமற்ற சுமையைத் தெரிந்தே சுமப்பது ஒன்று. சுமக்கச் சுமக்கத் தான் யார் என்பதையே மறந்துவிடுவது வேறொன்று.

அந்த மறதி எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். முதன்முதலில் ஒரு குழு என் பொறுப்பில் வந்தபோது, எனக்கு முன்பிருந்தவரின் நடையை அப்படியே எடுத்துக்கொண்டேன். அவர் கூட்டத்தின் முடிவில் கோப்பினை மூடி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, ‘அவ்வளவுதான்’ என்று சொல்லி எழுந்துவிடுவார். எல்லாரும் உடனே எழுவார்கள். நானும் கோப்பினை மூடினேன், தட்டினேன், எழுந்தேன். ஒரு நாள் அப்படி நான் தட்டியபோது, எதிரே இருந்த ஓர் இளம் பெண் ஏதோ சொல்வதற்காகப் பேனாவைப் பாதி உயர்த்தியவர், அதை மெதுவாக மேசை மேல் வைத்துவிட்டார். நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் வெளியேறினேன். மூன்று வாரம் கழித்து எங்கள் காலத் திட்டத்தில் இருந்த ஒரு பிழையால் வேலை நின்றது. அந்தப் பிழையைத்தான் அவர் அன்று சொல்ல நினைத்தார். ‘நீங்கள் முடித்துவிட்டீர்கள் மேடம், அதனால் சொல்லவில்லை’ என்றார். அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் வலித்தது. கேள்வி கேட்டு, விடை வரும்வரை பொறுமையாக இருப்பது என் இயல்பு. அந்த வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம். அதைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, வேறொருவரின் உள்ளங்கையை இரவல் வாங்கிக்கொண்டு நான் உள்ளே போயிருக்கிறேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே கேள்வியோடு தொடங்கினேன்: ‘இந்த வேலையில் உங்களுக்கு உறுத்தலாகத் தோன்றும் இடம் எது?’ கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்க மாட்டேன். முதல் சில கூட்டங்களில் அந்த மௌனம் எனக்கே பொறுக்க முடியாததாக இருந்தது. பின்னர் பேச்சு வரத் தொடங்கியது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அதே பழி எனக்கும் வந்தது. எல்லாரையும் கேட்கிறார், அப்படியானால் இவருக்கே தெரியவில்லை என்றார்கள். அப்போது நான் செய்த ஒரே மாற்றத்தை உங்களுக்குச் சொல்கிறேன். கலந்து பேசுவதையும் முடிவு சொல்வதையும் ஒன்றோடொன்று கலக்க விடவில்லை. ‘இதுவரை கேட்டேன். இனி முடிவு என்னுடையது. முடிவு இது, அதற்குக் காரணம் இது, தவறினால் பொறுப்பும் என்னுடையது’ என்று எழுந்து நின்று சொன்னேன். கேட்பது பலவீனமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், கேட்டு முடிந்த இடம் எது என்று எவருக்கும் தெரியாமல் போவதுதான். 1920-களிலேயே மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அறிஞர், பிறர் மேல் செலுத்தும் அதிகாரம் வேறு, பிறரோடு சேர்ந்து உருவாக்கும் அதிகாரம் வேறு என்று பிரித்துக் காட்டினார். ஆணை ஒருவருடைய வாயிலிருந்து பிறப்பதைவிட, நிலைமையை இருவரும் சேர்ந்து ஆராய்வதிலிருந்து பிறக்க வேண்டும் என்றார். காரணத்தைச் சேர்த்துச் சொல்லும்போது, கீழ்ப்படியச் சொல்வது நீங்கள் என்பது மாறி, வேலையே அதைக் கோருகிறது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் தன் இயல்போடு தலைமை தாங்குவது என்றாலே தாயைப்போல அரவணைப்பது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அதுவும் ஒரு முகமூடிதான். 1977-இல் ரோசபெத் மாஸ் கான்டர் என்ற சமூகவியலாளர், ஆண்கள் நிறைந்த நிறுவனத்தில் ஓரிருவராக இருக்கும் பெண்கள் மேல் ஒட்டப்படும் அடையாளங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் ஒன்றாக ‘தாய்’ என்பதையும் குறிப்பிட்டார். அந்த இடத்தில் வைக்கப்பட்டவரிடம் எல்லாரும் குறையைச் சொல்லி ஆறுதல் தேடுவார்கள், அவருடைய அறிவுரையைத் தேட மாட்டார்கள். உங்களுக்கு இயல்பாகவே கறாரான குணம் இருந்தால் கறாராகவே இருங்கள். குறைவாகப் பேசுபவராக இருந்தால் குறைவாகவே பேசுங்கள். ஏஞ்சலா மெர்க்கல் அடுக்குமொழி பேசாமலே 2005 முதல் 2021 வரை ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக இருந்தார். நியூசிலாந்தில் அப்போது பிரதமராக இருந்த ஜசிந்தா ஆர்டெர்ன், 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த படுகொலைக்குப் பின், தலையில் துணி போர்த்திக்கொண்டு துயருற்றவர்களைக் கட்டியணைத்த படம் உலகமெங்கும் பரவியது. அந்தத் தாக்குதலில் 51 பேர் உயிரிழந்தார்கள். ஆனால் ஒரு மாதம் முடிவதற்குள் பெரும்பாலான பகுதித் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டத்தை 119-க்கு 1 என்ற வாக்குக் கணக்கில் நாடாளுமன்றம் நிறைவேற்றியதை அந்தப் படத்தோடு சேர்த்து எவரும் நினைவுகூர்வதில்லை. அந்த அணைப்பும் அந்தச் சட்டமும் ஒரே மனத்திலிருந்து வந்தவை என்றுதான் நான் பார்க்கிறேன். ஒன்றைப் பெண்மைக்கும் மற்றொன்றை ஆண்மைக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

கண் கலங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறைத்தால் பொய், காட்டினால் பலவீனம் என்று இரண்டு பக்கமும் உங்களை அச்சுறுத்த வேண்டாம். மனத்தில் உள்ள எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் கொட்டுவது நேர்மை ஆகாது. எதை எவரிடம் எப்போது சொல்வது என்று தேர்ந்தெடுப்பதும் உங்களுடைய உரிமைதான். மீறிக் கலங்கிவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ‘இது எனக்கு முக்கியமான விஷயம், அதனால் கண் கலங்குகிறது, நான் சொல்லவந்ததைத் தொடர்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, விட்ட வாக்கியத்திலிருந்தே தொடருங்கள். கேட்பவர்கள் உங்கள் கண்ணை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருவார்கள்; வராதவர் ஒருவர் இருந்தால், அவர் முதலிலேயே விஷயத்துக்கு வரவில்லை என்று பொருள்.

அந்தப் பயிற்சிக்குப் போகலாமா என்பதுதான் மிச்சம். போகலாம். தன்னை முடிந்துபோன ஒரு பொருளாக எண்ணி, புதிய நடை எதுவும் என்னுடையதன்று என்று தள்ளிவிடுபவர் வளர்வதில்லை என்று தலைமைப் பண்பை ஆராயும் பேராசிரியர் ஹெர்மினியா இபாரா 2015-இல் எழுதியதை நானும் ஏற்கிறேன். ஆனால் போவதற்கு முன்னால் மேலதிகாரியிடம் ஒன்றைக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். ‘என் குரலாலும் தோரணையாலும் இந்த எட்டு மாதத்தில் எந்த வேலை கெட்டது, எந்த முடிவு தாமதமானது என்று குறிப்பிட்டால், அதற்கேற்ற பயிற்சியை நானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன். மற்றக் குழுக்களின் தலைவர்களுக்கும் இந்தப் பயிற்சி சொல்லப்பட்டிருக்கிறதா என்பதையும் தெரிவியுங்கள்’ என்று மரியாதையாக எழுதுங்கள். அவர் குறிப்பாக ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு அது லாபம், அதைக் கற்றுக்கொள்ளுங்கள். எதுவும் சொல்ல இயலாவிட்டால், பயிற்சி தேவைப்படுவது உங்கள் குரலுக்கு அன்று என்பது எழுத்திலேயே பதிவாகியிருக்கும். அவர் என்ன பதில் எழுதினார் என்பதை எனக்குத் தெரியப்படுத்துங்கள், சகோதரி. அதை வைத்து நாம் மேலே பேசலாம்.