பூவிலிருந்து மூட்டை வரை

நேயர்களுக்கு வணக்கம்.

இளமையில் உங்களுக்குப் பிடித்த ஆண்டு எது, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். வேலை நிரந்தரமான ஆண்டைச் சொல்வேன், அல்லது திருமணம் நடந்த ஆண்டைச் சொல்வேன் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். என் மனைவி இப்போது கேட்டுக்கொண்டிருப்பார் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்: எனக்குப் பிடித்தது 1987. எங்களுக்குத் திருமணம் ஆகாத ஆண்டு.

அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டுக்குப் பாரமாக இருந்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை. பட்டறையில் உட்காரும் பொறுமை எனக்கு இல்லை என்பதை அப்பா சீக்கிரமே கண்டுகொண்டார். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு ரைட்டர் வேண்டுமாம் என்று மாமா சொன்னதும், மறு வார்த்தை பேசாமல் பஸ் ஏற்றிவிட்டார்கள். அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதியிலேயே என் வயிறு கலங்கிவிட்டது.

ரைட்டர் என்றால் எழுத்தாளர் இல்லை. ஆள் கணக்கு, கூலிக் கணக்கு, உரக் கணக்கு எழுதுகிறவர். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த பயிர் காப்பி. பிறந்ததிலிருந்து அடிவாரத்தில் இருந்தும், காப்பி பூக்கும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

மார்ச் மாதத்தில் ஒரு மழை பெய்தது. இனி பாருங்கள் தம்பி என்றார் மேஸ்திரியம்மா. பத்து நாள் போல ஆகியிருக்கும். காலையில் கதவைத் திறந்தால், சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் செடி செடியாக வெள்ளை; மல்லிகைக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய வாசனை; எங்கும் தேனீக்கள். மூன்று நான்கு நாட்கள்தான். பிறகு பூ பழுப்பேறி உதிர்ந்துவிடும். அந்த மழை தவறினாலோ, பூத்த நாளில் அடித்துப் பெய்தாலோ, அந்த வருட மகசூல் போய்விடும். முதலாளி அந்த நாட்களில் கணக்கே கேட்க மாட்டார், வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பூ காயாகி, காய் பழமாக எட்டு ஒன்பது மாதம். நடுவில் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. பிறகு மழை, மூடுபனி, காயாத வேட்டி, இரவில் இலங்கை வானொலி. மலை உச்சியில் அது எவ்வளவு தெளிவாகக் கேட்கும் தெரியுமா!

டிசம்பரில் பழம் சிவந்தது. அராபிகா பழம் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. சிவந்ததை மட்டும் கிள்ளி, பச்சையை விட்டு, அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும். மாலையில் கூடைகளை எடை போட்டு எழுதுவேன். பிறகு பழத்தை இயந்திரத்தில் விட்டுத் தோலை நீக்கி, கொட்டையைத் தொட்டியில் ஊறப்போட்டு, வழவழப்பு விட்டதும் கழுவிக் களத்தில் காயவைப்பார்கள். ஊறல் மிஞ்சினால் புளித்துவிடும். பிறகு அந்தக் காப்பியை எந்தப் பாலாலும் காப்பாற்ற முடியாது.

டிசம்பர் 24 காலை, எம்.ஜி.ஆர். மறைந்த செய்தியை வானொலி சொன்னது. கூடைகள் வழியிலேயே கிடந்தன. பெண்கள் களத்தில் உட்கார்ந்து, சொந்த வீட்டுச் சாவுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பஸ் நின்றுவிட்டது. கீழே என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தொட்டியிலோ முந்தின நாள் கொட்டை ஊறிக்கொண்டிருக்கிறது. இருபத்தோரு வயதுப் பையன் நான். எந்த முகத்தோடு போய் வேலை செய்யச் சொல்வது? வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரியம்மா தானாக எழுந்தார். சேலையைச் செருகிக்கொண்டு, “அழுதுகொண்டே கழுவலாம், வாருங்கள்” என்றார். கழுவினார்கள். அன்று ஆள் கணக்கில் அத்தனை பேருக்கும் முழு நாள் போட்டேன். முதலாளியும் ஏன் என்று கேட்கவில்லை.

1988 ஜனவரியில் மூட்டைகள் லாரி ஏறின. என் கணக்கில் அதுவும் 1987தான். அந்தக் காலத்தில் தோட்டக்காரர் இஷ்டம்போல விற்க முடியாது. காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். பணம் தவணை தவணையாக வரும். லாரியிலேயே நானும் இறங்கினேன். அரசு வேலைக்கு உத்தரவு வந்திருந்தது.

பிறகு பார்த்த வேலையில் கோப்பு எங்கிருந்தோ வரும், நான் ஒரு குறிப்பு எழுதுவேன், எங்கோ போகும். முதலும் தெரியாது, முடிவும் தெரியாது. குறை சொல்லவில்லை, அதுதான் சோறு போட்டது. ஆனால் மார்ச்சில் பூவாகப் பார்த்ததை ஜனவரியில் மூட்டையாக எண்ணி ஏற்றிய திருப்தி திரும்பக் கிடைக்கவில்லை. ஏன் அந்த ஆண்டு என்று கேட்கிற என் மனைவிக்கும் இதுதான் பதில்.

காப்பிப் பூவைப் பார்க்க ஆசைப்படுகிற நேயர்களுக்கு ஒரு தகவல். மே மாதக் கோடை விழாவுக்குப் போனால் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். மார்ச், ஏப்ரலில் மலையில் நல்ல மழை என்று காதில் விழுந்தால், பத்து நாள் பொறுத்து, சேலத்தில் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வெறும் வயிற்றோடு ஏறுவது நல்லது.

வணக்கம்.